ஓர் ஏடும் பல கைகளும்

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு என்னும் பழம்பதி ஒன்று உள்ளது. அவ்வூரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் தமிழக வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெருந்துணை புரிவன. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தி அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வேடுகள் 31 ஆகும். அவை யாவும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, அவ்வளையத்தின் மீது அரச முத்திரை பதிக்கப்பட்டிருக்கின்றது. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டைப் புதிதாகச் சேர்க்கவும் இயலாது. இருப்பதில் ஒன்றை எடுக்கவும் இயலாது.

சோழர் தலைநகர் காவிரி நாட்டில் இருந்தது. திருவாலங்காடோ தொண்டை நாட்டில் உள்ளது. இடையே பல நாள் வழிநடை. அத்துணைத் தொலைவில் உள்ள மக்கள், தம் கையில் கிடைத்த ஏடு அரசன் ஆணையே என்று நம்பியது எவ்வாறு? அரசன் வாய்மொழியைக் கேட்டு எழுதுவதற்கென்று சோழர் ஆட்சியில் ஓர் அலுவலர் இருந்தார். அவர் திருமந்திர ஓலை எனப்பட்டார். அவர் எழுதியதை ஒப்புநோக்கிச் சரி காண்பவர் திருமந்திர ஓலைநாயகம் எனப்பட்டார். பின்னர் அச்செய்தியை வரிப்பொத்தகத்தில் பதிவதற்கும் தனி அலுவலர் இருந்தனர். எழுதுவோர் ஒருவர், சரிபார்ப்போர் ஒருவர், பதிவோர் ஒருவர் எனக் கடமைகள் வகுக்கப்பட்டிருந்தமையால் ஆவணத்தின் மீது நம்பிக்கை நிலைபெற்றது.

எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் மூன்று வினாக்கள் எழும். இதுதான் உண்மையான ஏடா? இதனைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? இஃது அழியாமல் காக்கப்படுகின்றதா? இம்மூன்று வினாக்களும் அன்று செப்பேட்டுக்கு இருந்தவாறே இன்று கணினியில் உள்ள கோப்புக்கும் இருக்கின்றன. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்சாலைகளில் இவ்வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன.

மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர மாநில எல்லையை அடுத்து அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதனை ஊடுருவிச் செல்கின்றன. 1971-ஆம் ஆண்டில் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை ஒன்று அங்கு உள்ளது. இரும்பை உருக்குவோரும், கம்பிகளாக இழுப்போரும், எந்திர உறுப்புகளைக் கடைவோரும், வேதிப்பொருள்களைச் செய்வோரும் அங்கே தொழில் நடத்துகின்றனர். அதே வட்டத்தில் தேர்வாய்க்கண்டிகையிலும், திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரிலும் வேறு தொழிற்பேட்டைகள் உள்ளன. இப்பொருள்களைக் கடல் கடந்து அனுப்புவதற்கு எண்ணூரில் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அணித்தே இருக்கின்றன.

தொழிற்சாலை என்றவுடன் உலையின் வெம்மையும் எந்திரங்களின் ஓசையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் ஓசையின்றி நடைபெறும் வேலையும் அங்கு உண்டு. ஓர் இரும்புத் துண்டு எந்திர உறுப்பாக மாறுவதற்குள் எத்தனையோ ஆவணங்கள் பிறக்கின்றன. வாங்குவோர் விடுத்த ஆணை, உறுப்பின் வரைபடம், உலோகத்தின் சோதனைச் சான்று, வேலைமுறைக் குறிப்பு, பாதுகாப்பு விதிகள், விலைப்பட்டி, சரக்கு அனுப்பும் சீட்டு என அவை வரிசையாக நீளும். இவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் உலையும் எந்திரமும் செய்த உழைப்பு வீணாகிவிடும்.

முன்னாளில் இவ்வாவணங்களை எழுதுவோரும் பயன்படுத்துவோரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். ஐயம் எழுந்தால் எழுந்து சென்று கேட்டுக்கொள்ளலாம். அந்நிலை படிப்படியாக மாறியது. அலுவலகத்துக்கு வாராமல் தொலைவிலிருந்தே வேலை செய்யும் முறைக்கு 1973-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் சாக் நில்சு ஒரு பெயர் சூட்டினார். எனினும் அம்முறை நெடுங்காலம் சிலர்க்கே உரியதாக இருந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் அலுவலகங்கள் ஒரே நாளில் வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. நோய் தணிந்த பிறகும் அவ்வழக்கம் முற்றிலும் மறையவில்லை.

உலையை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே உலையருகில் நிற்பவர் ஆலையில்தான் இருந்தாக வேண்டும். ஆனால் வரைபடம் வரைபவர் திருத்தணியில் தம் வீட்டில் இருக்கலாம். விற்பனையாளர் கோயம்புத்தூரில் இருக்கலாம். கணக்காய்வாளர் சென்னையில் இருக்கலாம். தொலைவில் உள்ளவர் எழுதுவதை நம்பி, ஆலையில் உள்ளவர் தம் கைகளை எந்திரத்தில் வைக்கின்றார். இதனாலேயே ஆவணப் பகிர்வு, வெறும் வசதியாக நில்லாமல், பொறுப்பு மிகுந்த பணியாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் ஆலையில் சுழல்தண்டு ஒன்று செய்யப்படுகின்றது என்று கொள்வோம். அதன் விட்டம் 40 மில்லிமீட்டர் என வரைபடம் கூறுகின்றது. வரைவாளர் அதனை மின்னஞ்சல் வழியாக ஐவர்க்கு அனுப்புகின்றார். அந்நொடியிலேயே ஒரு வரைபடம் ஆறு வரைபடங்கள் ஆகிவிடுகின்றது. மறுநாள் வாங்குவோர் விட்டத்தை 38 மில்லிமீட்டராகக் குறைக்குமாறு கேட்கின்றார். வரைவாளர் திருத்தி மீண்டும் அனுப்புகின்றார். நால்வர் புதியதைத் திறக்கின்றனர். ஐந்தாமவர் தம் கணினியில் முன்பே சேமித்து வைத்த பழையதையே அச்சிட்டுக் கடைசல் எந்திரத்தின் அருகே தொங்கவிடுகின்றார். இரவு முறைக்கு வந்த தொழிலாளர் அதைப் பார்த்து நூறு தண்டுகளை மிகுந்த திறமையோடு கடைந்து முடிக்கின்றார். அவர் வேலையில் குறை ஏதும் இல்லை. ஆயினும் அந்நூறும் பயன்படா. அவற்றை மீண்டும் கடைய வேண்டும். அல்லது உலைக்கே அனுப்ப வேண்டும்.

இதனினும் பெரிய தீங்கும் நேரலாம். உருகிய உலோகத்தில் நீர் படிந்த கழிவிரும்பைப் போட்டால், நீர் நொடிப்பொழுதில் நீராவியாகி வெடிக்கும். உருகிய குழம்பு சிதறும். ஆதலால் கழிவிரும்பை உலர்த்திய பின்னரே இடுதல் வேண்டும். சோடியம் போன்ற பொருள்கள் தீப்பற்றினால் அவற்றின்மேல் நீரை ஊற்றுதல் கூடாது. இத்தகைய விதிகள் எழுதப்பட்ட தாள் பழையதாகவோ குறைபட்டதாகவோ இருந்தால், இழப்பு இரும்போடு நில்லாது. உயிருக்கே இறுதி நேரக்கூடும்.

படிகள் பெருகுவதால் வரும் இடர்ப்பாடு தமிழர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளைக் கையால் படியெடுத்த காலத்தில், எழுதுவோர் சிறிது அயர்ந்தால் ஓர் எழுத்து மாறும். அப்படியைப் பார்த்து எழுதுவோர் அப்பிழையையும் சேர்த்து எழுதுவர். இவ்வாறு பாடவேறுபாடுகள் பல்கின. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பிக்கும் முன்னர், பல சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உண்மைப் பாடம் எதுவெனத் துணிய வேண்டியதாயிற்று. அப்பெருந்தகையின் பொறுமை இலக்கியத்தை வாழவைத்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளர்க்கு ஐந்து படிகளை ஒப்பிட்டுப் பார்க்கக் காலம் ஏது?

இதே இடர்ப்பாடு அறிவியல் உலகிலும் தோன்றியது. சுவிட்சர்லாந்து நாட்டின் செனீவா நகரை அடுத்து செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. பல நாட்டு அறிஞர்கள் அங்கு வந்து சில ஆண்டுகள் பணியாற்றித் தம் நாட்டிற்குத் திரும்புவர். அவர்களோடு அவர்கள் அறிந்த செய்திகளும் போய்விடும். இக்குறையைக் கண்ட திம் பெர்னர்சு லீ என்னும் ஆங்கிலேயர், கணினிகளில் உள்ள ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எழுதி அளித்தார். அதிலிருந்து வளர்ந்ததே வையவிரிவு வலை. 1993-ஆம் ஆண்டு ஏப்பிரல் 30-ஆம் நாள் செர்ன் நிறுவனம் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. இன்று உலகையே இணைக்கும் வலை, தொலைவில் உள்ள பணியாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் தேவையில் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆவணப் பகிர்வு மென்பொருளின் அடிப்படைக் கருத்து மிக எளியது. ஆவணத்தைப் பலரிடம் அனுப்புவதற்கு மாறாக, ஆவணம் இருக்கும் இடத்திற்குப் பலரை வரச்செய்தலே அக்கருத்து. ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு யாவரும் வந்து நீர் முகப்பது போல, ஓரிடத்தில் உள்ள ஆவணத்தை யாவரும் இணையத்தின் வழியே அணுகுகின்றனர். அவ்விடம் வழங்கி எனப்படும் கணினியாகும். ஒருவர் அங்கே ஒரு திருத்தம் செய்தால், அடுத்த நொடியில் திறப்பவர்க்குத் திருத்திய ஆவணமே தென்படும்.

திருத்திய பின் பழையது என்னவாயிற்று என்று கேட்கலாம். நல்ல மென்பொருள் பழையதை அழிப்பதில்லை; அதனை உள்ளே ஒதுக்கி வைக்கின்றது. எந்த நாளில், எந்த நேரத்தில், யார், எதை மாற்றினார் என்னும் வரலாறும் உடன் பதிவாகின்றது. தவறான திருத்தம் என்று பின்னர்த் தெரிந்தால் முன்னைய வடிவத்தை மீட்டுக்கொள்ளலாம். இருவர் ஒரே வேளையில் திருத்த முற்பட்டால், சில மென்பொருள்கள் முதலில் வந்தவர் முடிக்கும் வரை மற்றவரைத் தடுத்து நிறுத்தும். சில, இருவர் எழுதுவதையும் உடனுக்குடன் ஒன்றாகக் காட்டும். வரைபடங்களுக்கு முன்னைய முறையும், கூட்டக் குறிப்புகளுக்குப் பின்னைய முறையும் ஏற்றவை.

இனி, கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு சிறு தொழிற்சாலை இம்மென்பொருளை அமைக்க விரும்பினால் செய்ய வேண்டுவன யாவை என்று காண்போம்.

முதற்பணி கணினியைத் தொடாமலே செய்ய வேண்டியதாகும். ஆலையில் எவ்வெவ்வகை ஆவணங்கள் உள்ளன, அவற்றை எழுதுவோர் யார், படிப்போர் யார், எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்று பட்டியல் எழுதுதல் வேண்டும். வீட்டை மாற்றுவோர் வேண்டாத பொருள்களைக் கழித்த பின்னரே வண்டியில் ஏற்றுவர். அதுபோலப் பழையனவும் இரட்டித்தனவுமான கோப்புகளைக் கழித்த பின்னரே புதிய இடத்திற்கு மாற்றுதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், பழைய குழப்பம் புதிய இடத்திலும் குடிபுகும்.

இரண்டாவது, ஆவணங்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்தல். இதற்கு இருவழிகள் உண்டு. ஆலையிலேயே சொந்தமாக ஒரு வழங்கியை வைத்துக்கொள்ளுதல் ஒரு வழி. செருமனி நாட்டில் 2016-ஆம் ஆண்டு தோன்றிய நெக்சுட்கிளவுடு போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. அவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அவற்றை நிறுவிப் பேணுவதற்கு அறிந்தவர் ஒருவர் வேண்டும். இடையறா மின்சாரமும் வேண்டும். பிற நிறுவனத்தார் நடத்தும் வழங்கியில் இடத்தை வாடகைக்குப் பெறுதல் மற்றொரு வழி. தமிழகத்தில் வளர்ந்த சோகோ நிறுவனம் இத்தகைய பணியை அளித்து வருகின்றது. 1996-ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய அந்நிறுவனம், 2009-ஆம் ஆண்டில் சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2011-ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. சிற்றூரில் அமர்ந்து உலகுக்கு மென்பொருள் செய்ய இயலும் என்பதற்கு அது சான்றாக விளங்குகின்றது. வாடகை வழியில் பேணும் தொல்லை குறையும். ஆனால் திங்கள்தோறும் கட்டணம் உண்டு. ஆலையின் அளவும் ஆள்வலியும் நோக்கி இருவழியுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும்.

மூன்றாவது, கோப்புறைகளையும் பெயர்களையும் ஒழுங்குபடுத்துதல். "புதியது", "மிகப் புதியது", "இறுதி", "இறுதியிலும் இறுதி" என்று கோப்புகளுக்குப் பெயரிடுவோர் பலர். ஓராண்டு சென்ற பின் அவற்றுள் எது இறுதி என்பதைப் பெயரிட்டவரும் அறியார். உறுப்பின் எண், திருத்தத்தின் எண், நாள் ஆகிய மூன்றும் அமைந்த பெயரே தெளிவு தரும். ஒரு வகுப்பில் இரு மாணவர்க்கு ஒரே வரிசையெண் இருத்தல் கூடாதன்றோ? அதுபோல இரு கோப்புகளுக்கு ஒரே பெயர் அமைதல் கூடாது.

நான்காவது, உரிமைகளை வகுத்தல். சோழர் காலத்து ஓலைநாயகத்தை இங்கே மீண்டும் காண்கின்றோம். பார்க்கும் உரிமை, கருத்து எழுதும் உரிமை, திருத்தும் உரிமை, பிறர்க்கு உரிமை வழங்கும் உரிமை என நான்கு படிநிலைகள் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. கடைசல் பிரிவினர் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் மாற்றுதல் கூடாது. வரைவாளர் மாற்றலாம், தலைமைப் பொறியாளர் ஒப்புதல் அளித்த பின்னரே அஃது ஆலைக்குச் செல்ல வேண்டும். ஊதியக் கணக்கை உரியவர் அன்றிப் பிறர் காணுதல் கூடாது. உரிமைகளை ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே வழங்குவதினும், பிரிவு பிரிவாக வழங்குதல் நன்று. ஒருவர் பிரிவு மாறும்போது பழைய பிரிவிலிருந்து அவர் பெயரை நீக்கிப் புதிய பிரிவில் சேர்த்தாற் போதும். பணியை விட்டு நீங்குவோரின் நுழைவுரிமையை அன்றே முடித்துவிடுதல் வேண்டும். சாவியைத் திருப்பிப் பெறாமல் குடியிருந்தவரை அனுப்பும் வீட்டுக்காரர் உண்டோ?

ஐந்தாவது, வாயிலைக் காத்தல். தொலைவிலிருந்து பணியாளர் நுழையும் வாயில் வழியாகவே திருடரும் நுழைய முயல்வர். ஆகவே கடவுச்சொல் ஒன்றே போதாது. கடவுச்சொல்லை இட்ட பிறகு, கைப்பேசியில் வரும் குறியீட்டையும் இட்டாலன்றிக் கதவு திறவாதவாறு இரட்டைப் பூட்டு அமைத்தல் வேண்டும். ஆவணங்கள் இணையத்தில் செல்லும்போது இடையில் உள்ளோர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக மாற்றப்படுதலும் வேண்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டி வைப்போர்க்கு இவ்வேற்பாடுகள் முழுப்பயன் தாரா.

ஆறாவது, இணைப்பு இல்லாத வேளைக்கு ஏற்பாடு செய்தல். எல்லா வீட்டிலும் எப்போதும் இணையம் சீராக இருப்பதில்லை. ஆதலால் தேவையான கோப்புகளைப் பணியாளரின் கணினியில் ஒரு படியாக வைத்து, இணைப்பு வந்தவுடன் வழங்கியோடு தானே ஒத்துப்போகுமாறு செய்யும் வசதியைப் பல மென்பொருள்கள் தருகின்றன. அவற்றுட் சில, கோப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகின்றன. அதனால் மெல்லிய இணைப்பிலும் பெரிய வரைபடம் விரைந்து செல்லும். எனினும் நாட்பட்ட படியைக் கொண்டு வேலை தொடங்காமல், இணைப்பு வந்த பின் புதியதைப் பார்த்தே தொடங்குதல் வேண்டும்.

ஏழாவது, காப்புப்படி எடுத்தல். 2015-ஆம் ஆண்டு திசம்பரில் பெய்த பெருமழையால் சென்னையும் சுற்றுப்புறங்களும் நீரில் மூழ்கியதை இப்பகுதி மக்கள் மறந்திலர். 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல் கொணர்ந்த மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளக்காடாயிற்று. தரைத்தளத்தில் உள்ள வழங்கி நனைந்தால் பல ஆண்டு உழைப்பும் ஓரிரவில் மறைந்துபோகும். வெள்ளம் போலவே தீநிரல்களும் தீங்கு செய்யும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் பரவிக் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்டு நிறுவனம் இரு திங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தைத் தம் கணினியில் ஏற்காதவரே பெரிதும் துன்புற்றனர். இத்தகைய இடர்களை எண்ணியே அறிந்தோர் ஒரு விதி வகுத்துள்ளனர். ஆவணத்திற்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். இப்படிகள் வேலைக்கு உரியன அல்ல. மீட்புக்கு மட்டுமே உரியன. மீட்க முடிகின்றதா என்பதை அவ்வப்போது செய்து பார்த்தலும் வேண்டும்.

இவ்வேழு பணிகளும் முடிந்த பின் எட்டாவதாக எஞ்சுவது, மாந்தர்க்குப் பயிற்சி அளித்தல். பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தடுமாறுகின்றன. மென்பொருள் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஒருவர் பழைய பழக்கத்தால் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவார், மற்றொருவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார். அந்நொடியே படிகள் மீண்டும் பெருகத் தொடங்கும். ஆதலால் எல்லா ஆவணங்களையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு பிரிவில் சில வாரம் நடத்திப் பார்த்து, குறைகளைக் களைந்த பின் ஏனைய பிரிவுகளுக்கு விரித்தல் நன்று. பழைய இடத்தைத் திருத்த இயலாதவாறு பூட்டிவிடுதலும் வேண்டும். எந்திரத்தின் அருகே ஒரு திரையை வைத்து, இரவு முறைத் தொழிலாளரும் தாமே வரைபடத்தைத் திறந்து பார்க்கச் செய்தல் யாவற்றினும் சிறந்தது.

இம்முறைகளுக்குச் சட்டமும் துணைநிற்கின்றது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் மின்கையொப்பத்திற்கும் நம் நாட்டில் ஏற்பு அளித்தது. மின்னணு ஆவணம் பின்னரும் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். எங்கிருந்து, எந்நாளில், எந்நேரத்தில் அனுப்பப்பட்டது என்னும் செய்தியும் காக்கப்படல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. பொருள்களின் தரத்தைப் பேணும் முறைகளை வகுத்துள்ள ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் உலகத் தரநெறி 1987-ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்தது. ஆவணங்கள் தேவையான இடத்தில் தேவையான போது கிடைக்க வேண்டும் என்றும், அவற்றின் மாற்றங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் அந்நெறி வலியுறுத்துகின்றது. பொதுமக்களின் சான்றுகளை மின்வடிவில் காப்பதற்கு 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய டிசிலாக்கர் என்னும் ஏற்பாடும் இவ்வகையினதே. மாணவர்தம் மதிப்பெண் சான்றிதழையும் அதன் வழியே பெறலாம்.

இத்துணையும் அமைத்த பின்னரும் மென்பொருள் செய்ய இயலாத செயல் ஒன்று உண்டு. திருத்தம் உண்மையானதா என்பதை அது அறியாது. 38 என்று இட வேண்டிய இடத்தில் வரைவாளர் 83 என்று இட்டுவிட்டால், அப்பிழையையும் அது பிழையின்றிக் காத்து, ஐவர்க்கும் ஒரே நொடியில் காட்டும். ஓலை பிழைபட்ட காலத்தில் பிழை மெல்லப் பரவியது. இன்றோ மின்னல் விரைவில் பரவுகின்றது. ஆகையால் எழுதுவோரின் கவனமும் ஒப்புநோக்குவோரின் நேர்மையும் முன்னையினும் மிகுதியாக வேண்டப்படுகின்றன.

திருத்தணியில் தம் வீட்டு மேசையின் முன் அமர்ந்து ஓர் எண்ணை மாற்றும் வரைவாளர், கும்மிடிப்பூண்டியில் எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளரை ஒருநாளும் நேரில் கண்டிராமல் இருக்கலாம். ஆயினும் அவர் கை இவர் எழுத்தை நம்பியிருக்கின்றது. அந்நம்பிக்கைக்கு உரியவராய் நடத்தல் தொலைவில் இருந்து பணிபுரிவோர் ஒவ்வொருவர்க்கும் கடனாகும். திருவாலங்காட்டுச் செப்பேடுகளை எழுதியோரும் சரிபார்த்தோரும் தம் கடமையை வழுவாது செய்தமையால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அவற்றை நாம் நம்பிப் படிக்கின்றோம். இன்று ஏட்டின் வடிவம் மாறியுள்ளது, கடமை மாறவில்லை.